இரண்டு நிமிடம் பின்னால்

மார்ச் 3

அன்புள்ள மேனேஜர் அம்மாவுக்கு,

உன் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட அப்பா எழுதும் வேலை அறிக்கை. நானும் உன் அம்மாவும் நலம். நீயும் நலம்தான் என்று போனில் சொன்னாய். இருமிக்கொண்டே சொன்னதால் பாதிதான் நம்பினேன். வெந்நீர் குடி.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்னிடம் கேட்ட கேள்விக்கும் அவளே பதில் சொல்லிவிடுகிறாள். போன வாரம் என் முட்டிவலியைப் பற்றிக் கேட்டாயே, வலி நன்றாகக் குறைந்துவிட்டது என்று அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. தவிர, நான் முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் என்ன பழுது, என்ன செய்தேன் என்று நோட்டில் எழுதாமல் கீழே இறங்கியதில்லை. எழுதாவிட்டால் எனக்கு வேலை முடிந்த மாதிரியே இருக்காது.

நீ ஏற்பாடு செய்த கருவிகள் வந்து சேர்ந்தன. ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு பெண் பெரிய பையோடு வந்து, காலை முழுக்க வீட்டையே அளந்துவிட்டாள். வாசல் கதவில் ஒன்று, ஃபிரிட்ஜில் ஒன்று, அடுப்புக்கு மேலே சூடு பார்க்க ஒன்று (சூடு மீறினால் கத்துமாம்), குழாயடியில் ஒன்று, மெத்தைக்கு அடியில் ஒரு பாய், ஒவ்வொரு அறை மூலையிலும் ஆள் நடமாட்டம் பார்க்கும் ஒரு சின்னக் கண். எல்லாமே பின்பக்கம் பசை தடவியவை. அவள் ஒட்ட ஒட்ட உன் அம்மா முன்னாலேயே போய் அந்தந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொடுத்தாள். ஸ்டிக்கர் பொண்ணு என்று அவளுக்குப் பெயரும் வைத்தாயிற்று.

இந்தக் கருவிகள் எங்களைப் படம் எடுக்காதாம், பேச்சையும் கேட்காதாம். எப்போது எழுந்தோம், எவ்வளவு வேகமாக நடந்தோம், எந்தக் கதவை எத்தனை தடவை திறந்தோம் என்று மட்டும் குறித்துக்கொள்ளுமாம். மூளை தடுமாற ஆரம்பித்தால் மனிதர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் நடையிலும் பழக்கத்திலும் தெரிந்துவிடும் என்றாள் அந்தப் பெண். உன் அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். நான் இவரைத் திட்டினால் அது பதிவாகுமா? ஆகாது என்றதும், அப்படியானால் ஒட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தாள்.

யார் எங்கே போகிறார் என்று பிரித்துப் பார்க்க ஆளுக்கொரு கைப்பட்டை. அவளுக்குப் பச்சை, எனக்கு நீலம். கடைசியாக மாத்திரை டப்பாவைக் கொடுத்தபோதுதான் வம்பு வந்தது. மூடியைத் திறந்தால் அதுவும் பதிவாகும் டப்பா. மருந்துக் கடையில் முப்பத்தொரு வருஷம் நின்று, டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்து, ஒரு மாத்திரைகூட மாற்றிக் கொடுக்காத கைக்கு டப்பாவா என்று உன் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. டப்பா எனக்காகத்தான் என்று நான் சொல்லி வாங்கி வைத்தேன்.

எனக்கு இந்தக் கருவிகள் மேல் மரியாதை உண்டு. வாசல் கதவில் ஒட்டியிருப்பது லிஃப்ட் கதவில் நான் ஆயிரம் தடவை மாட்டிய சுவிட்ச்சின் பேத்திதான். கதவு மூடியிருக்கிறதா, இல்லையா. அதற்கு மேல் பேசாது.

வேறு செய்தி. நான் இப்போது சமையலறைப் பக்கம் போய்வருகிறேன், நம்புவாயா? ஓய்வுபெற்றவனுக்குக் கொஞ்சம் நடை வேண்டும் இல்லையா. போன வாரம் பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்து, பாத்திரம் கரிந்து, தூக்கிப் போட வேண்டியதாயிற்று. பாலில் ஏதோ கோளாறு. வேறொன்றும் இல்லை.

நீ வீடு மாறப்போவதை அம்மாவிடம் போனில் சொன்னாய் அல்லவா, அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை சொல்லிவிடு. முதல் தடவை சொல்வது மாதிரியே சொல். ஸ்பீக்கர் சரியாகக் கேட்கவில்லை.

இருமல் தீர்ந்து நன்றாக இருக்க வாழ்த்தும்,
அப்பா

ஏப்ரல் 16

அன்புள்ள மேனேஜர் அம்மாவுக்கு,

அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து நீ என் போனில் கூப்பிட்டுப் பேசியதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. நீ அழுததை நான் கேட்காத மாதிரி இருந்தேன். நீயும் அழாத மாதிரிதான் பேசினாய். அப்பனும் மகளும் நடிப்பில் சளைத்தவர்கள் இல்லை.

நீ படித்துக்காட்டிய அறிக்கையைத் தாளில் எழுதி எதிரில் வைத்திருக்கிறேன். பச்சைப் பட்டைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. நீலப் பட்டைக்கு ஐம்பத்தெட்டு. நீலப் பட்டை நாளைக்கு நாற்பது தடவை சமையலறைக்குப் போகிறது, போய் ஒரு நிமிஷம் நிற்கிறது, திரும்பி வருகிறது. மாத்திரை டப்பாவைத் திறந்து மூடி மறுபடி திறக்கிறது. வாசல் கதவு வரை போய் வெளியே போகாமலே திரும்புகிறது. குழாயடியில் எட்டிப் பார்க்கிறது. எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்பவர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று அறிக்கை சொல்வதாகச் சொன்னாய். பள்ளிக்கூடத்திலும் எனக்கு ஐம்பத்தெட்டுக்கு மேல் வந்ததில்லை, அதனால் மதிப்பெண்ணைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

அம்மாவிடம் நீயே சொல்லிவிட்டாய். நல்லது. முதலில் அவள் சிரித்தாள். அப்புறம் ஜன்னலோரம் போய் வெகுநேரம் நின்றாள். அப்புறம் திரும்பி வந்து என்னைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். காலையில் எழுந்ததும் இன்று என்ன கிழமை என்று கேட்கிறாள். நான் சரியாகச் சொன்னால், சரிதானா என்று காலண்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையாட்டுகிறாள். மூளைக்கு நல்லது என்று பாதாம் ஊறவைத்துத் தருகிறாள். மாடி வீட்டு அம்மாவிடமும் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. நேற்று லிஃப்டில் அந்த அம்மா என்னிடம், தரைத்தளத்துக்குப் போக எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சத்தமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த லிஃப்டை இந்தக் கட்டடத்தில் மாட்டியதே நான்தான். நன்றி சொல்லிவிட்டு அழுத்தினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாய். போகிறேன். பல்வலிக்குக்கூட டாக்டர் வாசலை மிதிக்காத மனிதன் உடனே சரி என்கிறானே என்று உனக்குச் சந்தேகம் வரலாம். வரட்டும். ஒரே ஒரு நிபந்தனை. உன் அம்மா என்னோடு வர வேண்டும், உள்ளே டாக்டர் அறை வரைக்கும். அப்பாவுக்கு அவள் இல்லாமல் முடியாது என்று நீயே அவளிடம் சொல். நான் சொன்னால் பசப்புகிறேன் என்பாள். அவளுடைய பழைய கண்ணாடியையும் மறக்காமல் எடுத்துவரச் சொல், அங்கே எதையாவது படிக்க வேண்டியிருக்கும்.

மே 11ஆம் தேதி காலை பத்தரைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை இணையத்தில் இந்த நோயைப் பற்றித் தேடித் தேடிப் படிக்காதே. உன்னைத் தெரியும் எனக்கு. தேடினால் கடைசிப் பக்கம் வரை போய்த்தான் நிற்பாய்.

தைரியமாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு.

நலமாக இருக்கும் (என்னை நம்பு),
அப்பா

மே 19

அன்புள்ள மகளுக்கு,

இந்தத் தடவை மேனேஜர் என்று எழுதக் கை வரவில்லை. ஒரு தப்பை ஒப்புக்கொள்ளும் கடிதம் இது.

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா, அப்பாவுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடி முடிந்தது என்றாள். அது பொய்யில்லை, பாதி. மீதியை எழுதும் வேலை என்னுடையது என்று அவளே சொல்லிவிட்டாள். எழுதி முடித்ததும் அவள் படித்துப் பார்த்த பிறகுதான் உறையை ஒட்டுவேன். ஆகவே இதில் எதையும் கூட்டிக் குறைத்து எழுத வழியில்லை.

எனக்கு மறதி இல்லை. உன் அம்மாவுக்குத்தான். ஆரம்ப நிலை என்கிறார்கள். முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படி.

ஜனவரி மாதம் ஒரு நாள் காலையில் வழக்கம்போல என் ரத்தக்கொதிப்பு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொடுத்தாள். பார்த்தால் மாலையில் போட வேண்டிய மஞ்சள் மாத்திரை. அவள் பார்க்காதபோது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெறும் தண்ணீரைக் குடித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். உறவுக்காரர்கள் யார் வீட்டில் யாருக்கு என்ன மருந்து என்று மனப்பாடமாகச் சொல்கிறவள். அவளுக்காகப் பயந்தேன் என்று எழுத ஆசை. எனக்காகவும்தான் பயந்தேன். இவள் இல்லாமல் எனக்கு என் சட்டை அளவே தெரியாது.

அதற்கப்புறம் கவனிக்க ஆரம்பித்தேன். வெறும் பாத்திரத்தை வைத்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து சாவகாசமாகப் பேப்பர் படிப்பாள். குழாய் ஓடிக்கொண்டிருக்கும். வாசல் கதவு வெளியே சாவி தொங்கத் திறந்து கிடக்கும். இத்தனையும் தினமும் இல்லை. நான்கு நாள் ஒன்றும் இருக்காது, ஐந்தாம் நாள் இரண்டு இருக்கும். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். அவள் எங்கே போனாலும் கொஞ்சம் விட்டு நானும் போவேன். அடுப்பை அணைப்பேன், குழாயை மூடுவேன், சாவியை எடுத்து மாட்டுவேன், டப்பாவைத் திறந்து மாத்திரைகளைச் சரிபார்த்து மூடுவேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. மாத்திரை மாற்றிக் கொடுத்துவிட்டாய் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

நீ கருவிகளை அனுப்பிவைத்தபோது அகப்பட்டுக்கொள்வோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கருவிக்கு என்ன தெரியும்? அடுப்பு அணைந்தது, கதவு மூடியது, மாத்திரை நேரத்துக்கு எடுத்தாயிற்று. அவளுக்குத் தொண்ணூற்றிரண்டு வந்ததில் உள்ளுக்குள் எனக்குப் பெருமைகூட. உன் அப்பன் உழைத்து வாங்கிய மதிப்பெண் அது.

எங்கள் தொழிலில் ஒரு பெரிய குற்றம் உண்டு. லிஃப்ட் கதவின் சுவிட்ச் கெட்டுப்போனால் லிஃப்ட் நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும். சோம்பேறி மெக்கானிக் என்ன செய்வான் என்றால், சுவிட்ச்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டுப் போய்விடுவான். அதற்கப்புறம் கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே லிஃப்ட் நினைத்துக்கொள்ளும். யாருக்கும் தெரியாது, ஒரு நாள் யாராவது கீழே விழும்வரை. அப்படி ஒயர் போட்ட ஒருவனை நான் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினேன். அவன் கெஞ்சியும் கேட்கவில்லை. அதே ஒயரை இப்போது நான் என் வீட்டிலேயே போட்டேன். ஜனவரியிலிருந்து மே வரை.

கண்டுபிடித்தது ஸ்டிக்கர் பொண்ணு. ஏப்ரல் தொடக்கத்தில் பேட்டரி மாற்ற வந்தவள், திரும்பிப் போகும்போது என்னை லிஃப்ட் பக்கம் கூப்பிட்டுத் தன் போனில் இரண்டு கோடுகளைக் காட்டினாள், ஒன்று பச்சை, ஒன்று நீலம். "அங்கிள், நீலக் கோடு எப்பவும் பச்சைக் கோட்டுக்கு ரெண்டு நிமிஷம் பின்னாலயே வருது. ஒரு நாள்கூடத் தவறல. மறதி இருக்கிறவங்க இவ்வளவு ஒழுங்கா மறக்க மாட்டாங்க" என்றாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. பொய்யை அறிக்கையில் எழுத மாட்டேன், ஆனால் டாக்டரைப் பார்க்கும்வரை எதையும் எழுதாமல் இருக்கிறேன், ஆன்ட்டியை எப்படியாவது அழைத்துவாருங்கள் என்றாள்.

எப்படி அழைத்துப்போவது? அவளுக்குச் சோதனை என்றால் உன் அம்மா வருவாளா? மருந்துக் கடைக்காரர்களுக்கு டாக்டர்கள் என்றால் கையெழுத்து சரியில்லாதவர்கள், அவ்வளவுதான். எனக்கு நோய் என்றால் மட்டும் எங்கே வேண்டுமானாலும் வருவாள். அந்த நேரம் பார்த்து, கருவிகள் தாமாகவே உனக்கு அனுப்பிய அறிக்கை என்மேல் பழி போட்டது. போகட்டும் என்று பழியை வாங்கிக்கொண்டேன். அதில் நீ மூன்று வாரம் தூங்காமல் கிடந்தாய். அதற்கு என்னை மன்னித்துவிடு. வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

மே 11 காலையில் உன் அம்மா எனக்குத் தலைவாரிவிட்டு, பாதாம் கொடுத்து, கையைப் பிடித்து அழைத்துப்போனாள். டாக்டர் சின்ன வயதுப் பெண்மணி, சிரித்த முகம். ஸ்டிக்கர் பொண்ணு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள். முதலில் எனக்குச் சோதனை. ஐந்து வார்த்தைகள் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார்கள். பதற்றத்தில் இரண்டு மறந்துபோயிற்று. நடிக்கவில்லை, நிஜமாகவே மறந்துவிட்டேன். பரவாயில்லை என்று டாக்டர் சொன்னார். அப்புறம் உன் அம்மாவிடம், உங்கள் வீட்டுக்காரருக்குத் தைரியமாக இருக்கும், நீங்களும் இதைச் செய்து காட்டுகிறீர்களா என்று கேட்டார்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சிலை வாங்கினாள். ஒரு கடிகாரம் வரைய வேண்டும். வட்டம் போட்டாள், அப்படி ஒரு அழகான வட்டம். அதற்குள் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று எழுதிக்கொண்டே போனாள். எல்லா எண்களும் வலப்பக்கமே வரிசையாக நின்றுவிட்டன. இடப்பக்கம் பாதி வட்டம் காலி. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பென்சிலை மேஜைமேல் வைத்தாள்.

"டாக்டர், இவருக்கு ஒண்ணும் இல்ல. மறதி எனக்குத்தான்" என்றாள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "முப்பத்தெட்டு வருஷமா தண்ணி குடிக்கக்கூட சமையலறைக்கு வராத மனுஷன், திடீர்னு நாளைக்கு நாப்பது தடவை வந்தா எனக்குத் தெரியாதா? அடுப்பை நீங்கதான் அணைக்கிறீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். போன மழைக்காலத்தில் கடைவீதிக்குப் போனவள், திரும்பும்போது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். தானாகத் தெளிந்ததும் எழுந்து வந்திருக்கிறாள். அன்று மழைக்கு ஒதுங்கினேன் என்று என்னிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சொன்னால் நான் பயந்துவிடுவேன் என்று சொல்லவில்லையாம். நீ அவளிடம் அறிக்கையைப் பற்றிச் சொன்ன அன்று, இந்த மனிதனுக்கும் வந்துவிட்டதா என்று ஜன்னலோரம் நின்று யோசித்தாளாம். ஒரு மணி நேரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாளாம், அவருக்கு வரவில்லை, என் பின்னால் வருகிறார் என்று. தெரிந்தும் காலண்டரைக் காட்டி என்னைப் பாடாய்ப் படுத்தியது எதற்கு என்றால், அதில் அவளுக்கும் அன்றைக்கு என்ன கிழமை என்று தெரிந்துகொள்ள முடிந்ததாம். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு எதற்குச் சரி என்றாய் என்று கேட்டேன். நீங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டு ஏற்பாடு செய்திருக்கிறீர்கள், கெடுப்பானேன் என்றாள்.

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் நன்றாகக் கடிந்துகொண்டார். ஒருவருக்கொருவர் ஒளித்து விளையாடி ஐந்து மாதத்தை வீணாக்கினீர்கள், கருவி கண்டுபிடிக்க வந்ததையே கண்டுபிடிக்க விடவில்லை என்றார். இருந்தாலும் சீக்கிரம்தான் வந்திருக்கிறோமாம். ரத்தத்தில் ஒரு வைட்டமின் குறைவாக இருக்கிறது, அதை உடனே சரிசெய்யலாம். ஸ்கேன் எடுத்தாயிற்று, இன்னும் ஒன்று பாக்கி. ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது நோயைத் துடைத்து எடுக்காது, கொஞ்ச காலம் கை கொடுக்கும் என்றார். மாத்திரையின் பெயரைக் கேட்டதும் உன் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனை மில்லிகிராமில் ஆரம்பிக்க வேண்டும், வயிற்றைப் பிரட்டினால் என்ன செய்ய வேண்டும், எந்த மருந்தோடு சேராது என்று அவளே வரிசையாகச் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கதவு வரை வந்து வழியனுப்பினார்.

டாக்சியில் வரும்போது அவளிடம் அந்த ஒயர் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. "அப்போ ஒயரை எடுங்க. நான் தப்பு பண்ணினா அது தெரியட்டும். பின்னால வராதீங்க, வர்றதா இருந்தா பக்கத்துல வாங்க" என்றாள்.

எடுத்துவிட்டேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா அது? அடுப்பின் மேல் இருக்கும் கருவி சத்தம் போடும்வரை நான் நாற்காலியை விட்டு எழக்கூடாது என்பது சட்டம். உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. இந்த ஒரு வாரத்தில் இரண்டு பால் பாத்திரம் போயிற்று. நேற்று கருவி கத்தியதும் அவளே எழுந்து போய் அணைத்துவிட்டு, நீங்கள் முந்தியிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது என்றாள். சனிக்கிழமைகளில் மாத்திரை டப்பாவை இரண்டு பேரும் சேர்ந்து நிரப்புகிறோம். அவள் பெயரைப் படிக்கிறாள், நான் எடுத்துப் போடுகிறேன். நான் போட்டதை அவள் பார்க்கிறாள், அவள் பார்த்ததை நான் பார்க்கிறேன். சமையலறை அலமாரிகளில் மருந்துக் கடைச் சீட்டு மாதிரி அழகாக எழுதி ஒட்டிவிட்டாள். சர்க்கரை டப்பாவில் "சர்க்கரை. அவருக்கு ஒரு கரண்டிக்கு மேல் கூடாது" என்று இருக்கிறது.

இந்த வார அறிக்கையைப் பார்த்திருப்பாய். பச்சைக்கு அறுபத்து நான்கு, நீலத்துக்குத் தொண்ணூறு. நான்தான் வகுப்பில் முதல் என்று மாடி வீட்டு அம்மாவிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அந்த அம்மா இன்னும் எனக்குப் பொத்தான் சொல்லிக்கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

எனக்கு உன்னிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது "போன வாரமே சொன்னேனே, ஞாபகம் இல்லையா அம்மா" என்று மட்டும் கேட்டுவிடாதே. அந்தக் கேள்வியைக் கேட்டால் அவள் முகம் எப்படி ஆகிறது என்று ஸ்பீக்கரில் உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். என்ன செய்தி இருந்தாலும் புதிதாகச் சொல். அவளுக்கு அதில் சந்தோஷம்தான், இரண்டு தடவை சந்தோஷப்படட்டும்.

உன்னை வரச்சொல்லி எழுதக்கூடாது என்பது அவள் உத்தரவு. உனக்கு அங்கே வேலை இருக்கிறது, புது வீடு, புதுப் பொறுப்பு. ஆகவே நான் எழுதவில்லை. எழுதவில்லை என்பதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

நீ எங்கே இருந்தாலும், எங்களை நினைக்கும்போது உனக்குச் சிரிப்புத்தான் முதலில் வர வேண்டும் என்று வாழ்த்தும்,
அப்பா

கண்ணு,

அப்பா எழுதியதைப் படித்தேன். பால் பாத்திரம் இரண்டு இல்லை, மூன்று. ஒன்றை நான் அவருக்குத் தெரியாமல் கீழே குப்பையில் போட்டுவிட்டு வந்தேன். மற்றபடி எல்லாம் சரி. அழுததைப் பற்றிக் கொஞ்சம் குறைத்து எழுதியிருக்கிறார், டாக்டர் மேஜையில் இருந்த டிஷ்யூ முழுக்கத் தீர்ந்தது.

நீ பயப்படாதே. இது என்ன மருந்து, என்ன நோய் என்று உன்னைவிட எனக்குத் தெரியும். எது வரும் என்றும் தெரியும். நான் தெளிவாக இருக்கும்போதே எனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். அது ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. அப்பாவுக்கு எப்படிச் சமைப்பது என்பதும் அதில் இருக்கிறது, அவர் உருளைக்கிழங்கு வரைக்கும் வந்துவிட்டார்.

உன்னை வரச்சொல்லி எழுத வேண்டாம் என்று அவரிடம்தான் சொன்னேன். நான் எழுதலாம். லீவு கிடைத்தால் சீக்கிரம் வா. நான் உன்னை நன்றாகப் பார்க்க வேண்டும்.

இருமலுக்கு வெந்நீர் மட்டும் போதாது, மார்பில் சளி இருந்தால் டாக்டரிடம் காட்டு. புது வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எழுது.

சீக்கிரம் வா என்று மேலே எழுதினேனா, இல்லையா என்று தெரியவில்லை. திருப்பிப் படித்துப் பார்க்கப்போவதில்லை, அப்பாவிடம் கேட்கவும் போவதில்லை. எழுதியிருந்தாலும் பரவாயில்லை. சீக்கிரம் வா.

அம்மா